லேப்டாப்புக்குள் ஜிபிஎஸ் தேட வேண்டாம்

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவரின் கடிதம் இது. அவர் பள்ளி ஆசிரியை. விடுமுறை நாள்களில் நண்பர்கள் ஐந்து பேருடன் மலைக்காடுகளில் நடப்பவர். மூன்று ஆண்டுகளாக இந்தக் குழு தானாகவே ஒரு வேலையை எடுத்துச் செய்து வருகிறது. காட்டோர நீரூற்றுகள் எங்கெங்கே இருக்கின்றன, எந்த மாதம் வற்றுகின்றன, எந்த ஒற்றையடிப் பாதையில் போனால் அவற்றை அடையலாம் என்று குறித்துவைக்கிறார்கள். எல்லாக் குறிப்பும் ஒரே நோட்டில் இருந்தது. போன பயணத்தில் பெய்த மழையில் அந்த நோட்டு நனைந்து, பாதிப் பக்கங்களில் மை கரைந்துவிட்டது. இனிமேல் கணினியில்தான் எழுதுவது என்று முடிவு செய்து, சின்னதாகவும் விலை குறைவாகவும் ஒரு லேப்டாப் தேடுகிறார்.

அவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, கடையில் பார்த்துவைத்த புதிய 11 அங்குல லேப்டாப். 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு. "இதில் லொகேஷன் வரும்" என்று விற்பனையாளர் உறுதி சொல்லியிருக்கிறார். இரண்டாவது, உறவினர் சும்மாவே தருவதாகச் சொல்லும் பழைய 15 அங்குல லேப்டாப். அதில் இருப்பது ஹார்ட் டிஸ்க். மூன்றாவது, "மலைக்குப் போகிறவள் இதைத்தான் வாங்க வேண்டும்" என்று அண்ணன் வற்புறுத்தும் ரக்கட் வகை முரட்டு லேப்டாப். அதன் விலை இவர் ஒதுக்கிய தொகையைப் போலப் பல மடங்கு. நடந்துகொண்டே நாம் இருக்கும் இடத்தைத் திரையில் பார்க்க வேண்டும், சிக்னல் இல்லாத இடத்தில் வரைபடம் வேலை செய்யுமா, இரண்டு நாள் பேட்டரி தாங்கும் லேப்டாப் உண்டா, அண்ணன் சொல்வது சரியா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கத்தின் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "இரட்டை மரத்திலிருந்து நாற்பது எட்டு, பாறைக்கு இடப்பக்கம், பங்குனியிலும் ஈரம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே நீல மை கலங்கி, அடுத்த ஊற்று எங்கே என்பதே மறைந்துவிட்டது. பல ஆண்டுகளாகக் கள வரைபட வேலையில் இருப்பவன் நான். மூன்று ஆண்டு உழைப்பு இப்படிப் போனால் மனம் எவ்வளவு பதறும் என்று எனக்குத் தெரியும். இது திரும்ப நடக்காமல் இருக்க நீங்கள் நினைப்பதைவிடக் குறைந்த செலவே ஆகும். ஆனால் வாங்க வேண்டிய பொருளைப் பற்றிய உங்கள் எண்ணத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நடக்கும்போது லேப்டாப் பையிலிருந்து வெளியே வராது. நானும் ஆரம்ப காலத்தில் ஒரு மலை முகட்டில், உச்சி வெயிலில், கல்லின் மேல் லேப்டாப்பைத் திறந்துவைத்து வேலை பார்க்க முயன்றிருக்கிறேன். திரையில் வரைபடத்துக்குப் பதிலாக வானமும் என் முகமும்தான் தெரிந்தன. ஒரு கையால் திரைக்கு நிழல் கட்டி, மறுகையால் மவுஸை நகர்த்தி, ஒரே ஒரு புள்ளி வைப்பதற்குள் கால் மணி நேரம் போய்விட்டது. அதே புள்ளியைச் செல்பேசியில் நின்றபடியே அரை நிமிடத்தில் வைத்துவிடலாம். நடக்கும்போது செல்பேசி, முகாமில் உட்கார்ந்த பிறகு லேப்டாப் என்று வேலையைப் பிரித்துவிடுங்கள். இப்படிப் பிரித்த உடனேயே லேப்டாப்பில் எது தேவை, எது தேவையில்லை என்பது பாதி தெளிந்துவிடும்.

"லொகேஷன் வரும்" என்ற பேச்சு

விற்பனையாளர் உங்களை ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். கடைக்குள் அந்த லேப்டாப்பில் இடம் சரியாகத் தெரிந்திருக்கும். ஆனால் பெரும்பாலான லேப்டாப்புகளில் ஜிபிஎஸ் வாங்கி, அதாவது செயற்கைக்கோள் சிக்னலைப் பிடிக்கும் கருவி, கிடையாது. சுற்றியிருக்கும் வைஃபை இணைப்புகளையும் இணைய முகவரியையும் வைத்து, "நீ ஏறக்குறைய இங்கே இருக்கிறாய்" என்று அவை கணித்துச் சொல்கின்றன. வைஃபையும் இணையமும் இல்லாத காட்டுக்குள் போனால் கணிப்பதற்கு எதுவும் இருக்காது. சிம் கார்டு போடும் வசதியுள்ள சில லேப்டாப்புகளின் மோடத்துக்குள் ஜிபிஎஸ் இருப்பதுண்டு. அதிலும் அந்த வசதி திறந்துவிடப்பட்டிருக்கிறதா என்று மாடலுக்கு மாடல் பார்க்க வேண்டும். அதற்காக அதிகப் பணம் கொடுப்பது வீண் என்பேன். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் செல்பேசியில் அதைவிட நல்ல வாங்கி ஏற்கெனவே இருக்கிறது.

டேப்லெட் வாங்கலாமா என்று யாராவது யோசனை சொன்னால் இதையும் நினைவில் வையுங்கள். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் இல்லை. சிம் போடும் ஐபேடில் உண்டு. ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் இரண்டு வகையும் வருகின்றன. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

வண்டியில் போகும்போது பெரிய திரையில் இடம் நகர்வதைப் பார்க்க ஆசை என்றால், விரல் நீளத்தில் யூஎஸ்பி ஜிபிஎஸ் வாங்கிகள் கிடைக்கின்றன. லேப்டாப்பில் செருகினால் நொடிக்கு ஒருமுறை அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம், எத்தனை செயற்கைக்கோள் தெரிகிறது என்பதையெல்லாம் காற்புள்ளி போட்ட வரிகளாக அது அனுப்பிக்கொண்டே இருக்கும். க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள் அதை நேரடியாகப் படித்து வரைபடத்தில் புள்ளியை நகர்த்தும். நடப்பவர்களுக்கு இது தேவைப்படாது. பிறகு ஆசைப்பட்டால் வாங்கிக்கொள்ளலாம்.

சிக்னல் இல்லாத இடத்தில்

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஜிபிஎஸ்ஸுக்குச் செல்பேசி சிக்னலும் வேண்டாம், இணையமும் வேண்டாம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் தங்கள் நேரத்தையும் இருப்பிடத்தையும் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. வானொலி கேட்பதைப் போல உங்கள் செல்பேசி அதைக் கேட்கிறது, அவ்வளவுதான். கேட்ட செய்தியிலிருந்து தன் இடத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. இணையம் தேவைப்படுவது பின்னால் தெரியும் வரைபடப் படத்துக்கு. அதை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் காட்டுக்குள் எல்லாம் வேலை செய்யும்.

இணையம் இருந்தால் ஒரு சௌகரியம் உண்டு. எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற தகவலைச் செல்பேசி நெட்வொர்க் வழியாக உடனே எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் வானத்திலிருந்தே மெல்ல மெல்லப் படிக்க வேண்டும். அந்தச் செய்தி நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் வருகிறது. எல்லாச் செயற்கைக்கோள்களின் பட்டியலும் முழுதாக வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். அதனால் மரநிழலுக்குள் நுழைவதற்கு முன்பே, வானம் நன்றாகத் தெரியும் இடத்தில் செல்பேசியை எடுத்து, இடம் சரியாகப் பிடித்துவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். "ஜிபிஎஸ் வேலை செய்யவில்லை" என்று வரும் புகார்களில் பல இந்தப் பொறுமை இல்லாததால் வருபவை.

வரைபடத்துக்கு நான் சொல்வது ஓபன்ஸ்ட்ரீட்மேப். 2004-இல் தொடங்கிய, உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் வரைபடம் அது. அதன் தரவை வைத்து இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்அண்ட் போன்ற செயலிகளில் பகுதி பகுதியாக இறக்கிக்கொள்ளலாம். உங்கள் வேலைக்கு இன்னும் பொருத்தமானது க்யூஃபீல்ட் என்ற செயலி. வீட்டில் லேப்டாப்பில் க்யூஜிஐஎஸ் கொண்டு ஒரு படிவம் செய்துகொள்ளலாம்: ஊற்றின் பெயர், பார்த்த தேதி, நீர் ஓடுகிறதா, கசிகிறதா, வற்றிவிட்டதா, ஒரு புகைப்படம். அந்தப் படிவம் அப்படியே செல்பேசிக்கு வந்துவிடும். ஊற்றருகே நின்று நான்கு தட்டு தட்டினால் முடிந்தது. மாலையில் முகாமில் அதைத் திரும்ப லேப்டாப்பில் சேர்த்துவிடலாம். உங்கள் நோட்டு செய்த வேலையை இனி இந்தப் படிவம் செய்யும்.

செயற்கைக்கோள் படங்களை இறக்கும்போது மட்டும் அளவோடு இருங்கள். ஒரு படி நெருங்கிப் பார்த்தாலே படத்துண்டுகளின் எண்ணிக்கை நான்கு மடங்காகிவிடும். நான்கு படி நெருங்கினால் 256 மடங்கு. நடக்கப்போகும் பள்ளத்தாக்குக்கு மட்டும் நெருக்கமான படம், சுற்றியுள்ள பகுதிக்குத் தூரத்துப் படம் என்று வைத்துக்கொண்டால் போதும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் படத்துண்டு சர்வரிலிருந்து மொத்தமாக இறக்குவதற்கு அனுமதி இல்லை. அதற்குப் பதிலாகத் தரவுக் கோப்பாகவே இறக்கிக்கொள்ளுங்கள். அளவும் சிறியது, எவ்வளவு நெருங்கினாலும் தெளிவு குறையாது. உயரக் கோடுகள் வேண்டுமென்றால், 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து 11 நாள் எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. அது 30 மீட்டர் கட்டங்களாக இருப்பதால் மலையின் வடிவம் தெரியும். சின்ன ஓடைப் பள்ளங்கள் தெரியாது.

எவ்வளவு நம்பலாம்

நீங்கள் கேட்காத கேள்வி இது. ஆனாலும் சொல்ல வேண்டும். உங்கள் நண்பர் ஒருவர் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில் தசமப் புள்ளிக்குப் பிறகு எட்டு இலக்கம் வருகிற செயலிதான் துல்லியமானது என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அட்சரேகையில் ஒரு பாகை என்பது ஏறக்குறைய 111 கிலோமீட்டர். அப்படியென்றால் ஐந்தாவது தசம இலக்கம் சுமார் ஒரு மீட்டரைக் குறிக்கிறது. எட்டாவது இலக்கம் ஒரு மில்லிமீட்டர். திறந்த வானத்தின் கீழேயே செல்பேசி பொதுவாகச் சுமார் 5 மீட்டர் ஆரத்துக்குள்தான் இடம் சொல்லும். அது மில்லிமீட்டர் எழுதிக் காட்டினால் அந்த இலக்கங்களுக்குப் பொருளே இல்லை. ஐந்து இலக்கம் எழுதுங்கள், போதும்.

காட்டுக்குள்ளும் குறுகிய பள்ளத்தாக்கிலும் நிலைமை இன்னும் மோசம். பாறையில் பட்டுத் திரும்பி வரும் சிக்னலைக் கேட்டுச் செல்பேசி குழம்பிவிடும். ஓடைக்கரையில் நேராக நடந்து வந்த தடம், திரையில் பார்த்தால் எதிர்ப் பாறைச் சுவரின் மேல் ஏறி இறங்கியிருக்கும். ஊற்று பெரும்பாலும் பள்ளத்தில்தான் இருக்கும் என்பதால் உங்களுக்கு இது அடிக்கடி நடக்கும். ஊற்றருகே செல்பேசியை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு இரண்டு மூன்று நிமிடம் சும்மா விடுங்கள். அதற்குள் தண்ணீர் குடியுங்கள், படம் எடுங்கள். பிறகு புள்ளியை வையுங்கள். சராசரி எடுக்கும் வசதி செயலியில் இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். அப்புறம், "பாறைக்கு இடப்பக்கம்" என்று வார்த்தையில் எழுதும் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். பத்து மீட்டர் தவறும் இடத்தில் உங்களை ஊற்றுக்குக் கொண்டு சேர்ப்பது அந்த வாக்கியம்தான்.

பழைய அச்சு வரைபடங்களோடு ஒப்பிடும்போது எல்லாப் புள்ளியும் ஒரே திசையில் சில நூறு மீட்டர் நகர்ந்திருந்தால் பயப்பட வேண்டாம். ஜிபிஎஸ் பயன்படுத்தும் பூமி மாதிரி டபிள்யூஜிஎஸ் 84. பழைய வரைபடம் வேறு மாதிரியில் வரைந்ததாக இருக்கும். வரைபடத்தின் ஓரத்தில் அதன் பெயர் எழுதியிருக்கும்; அதைக் க்யூஜிஐஎஸ்ஸில் சொல்லிவிட்டால் சரியாகிவிடும்.

மூன்று லேப்டாப்பும், நான் சொல்லும் நான்காவதும்

கடையில் பார்த்த 11 அங்குலப் பெட்டியை நான் வாங்க மாட்டேன். விண்டோஸ் 11 நிறுவுவதற்குக் குறைந்தபட்சத் தேவையே 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பும்தான். அந்த லேப்டாப்பில் இருப்பதே அவ்வளவு. வாங்கிய சில மாதங்களில் அப்டேட் போடவே இடம் இருக்காது. இந்த வகைச் சின்ன லேப்டாப்புகளில் சேமிப்பும் ரேமும் பெரும்பாலும் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பிறகு கூட்ட முடியாது. திரையும் யோசிக்க வேண்டிய விஷயம். 2007-இல் ஏசஸ் ஈ பிசி 7 அங்குலத் திரையோடு வந்தபோது களப்பணிக்காரர்கள் பலருக்கு அதன் மேல் ஆசை வந்தது. எடை குறைவு என்ற மகிழ்ச்சி, வரைபடத்தைத் திறக்கும்வரைதான். இடப்பக்கம் வரைபட அடுக்குகளின் பட்டியல், மேலே கருவிப் பட்டைகள் எல்லாம் போக, வரைபடத்துக்கு மிஞ்சுவது அஞ்சலட்டை அளவு. 11 அங்குலத்தில், குறைந்த புள்ளியடர்த்தித் திரையில் இன்றும் அந்தச் சிக்கல் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது.

உறவினரின் 15 அங்குல லேப்டாப்பை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், ஆனால் மலைக்கு எடுத்துப்போகாதீர்கள். ஹார்ட் டிஸ்க்குக்குள் சுழலும் தட்டுக்கு மேலே, மிக மெல்லிய காற்றுப் படலத்தின் மீது அதன் தலை மிதக்கிறது. ஓடும்போது அடிபட்டால் தட்டில் கீறல் விழும். காற்று மெலிந்த உயரத்தில் அந்தப் படலமே பலவீனமாகிவிடும் என்பதால் பல ஹார்ட் டிஸ்க்குகளுக்குச் சுமார் 3,000 மீட்டர்தான் இயக்க உயர வரம்பு. சிப்பிலேயே சேமிக்கும் எஸ்எஸ்டியில் நகரும் பாகம் இல்லை, இந்தக் கவலையும் இல்லை. உறவினரின் லேப்டாப்பை வீட்டு மேசையில் வைத்து, பெரிய திரையில் வரைபடம் திருத்தவும் தரவின் இரண்டாம் பிரதியை வைத்திருக்கவும் பயன்படுத்துங்கள்.

நான் சொல்லும் நான்காவது வழி, அலுவலகங்களில் சில ஆண்டு பயன்படுத்திவிட்டு விற்கும் 12 முதல் 13 அங்குல லேப்டாப். இவை அலுவலக வேலைக்கென்று உறுதியாகச் செய்யப்பட்டவை. விசைப்பலகை நன்றாக இருக்கும், எடை ஒன்றேகால் கிலோவை ஒட்டியிருக்கும், உதிரிப் பாகங்களும் கிடைக்கும். 8 ஜிபி ரேம் கட்டாயம், 16 இருந்தால் நிம்மதி. 256 ஜிபி எஸ்எஸ்டி போதும். முழு எச்டி திரை, பளபளப்பில்லாத மேட் பூச்சு. யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏற வேண்டும்; இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். புதிதுதான் வேண்டும் என்றால் 2023-இல் வந்த இன்டெல் என்100 சிப் உள்ள, 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் கொண்ட சின்ன லேப்டாப்பைப் பாருங்கள். மின்சாரம் குறைவாக எடுக்கும், உங்கள் ஊற்று வரைபடத்துக்குத் தாராளமாகப் போதும்.

திரையின் ஒளியை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். மலிவு லேப்டாப்புகளில் 220, 250 என்று இருக்கும். நிழலில் வேலை பார்க்க 300 பரவாயில்லை, 400 நல்லது. நேர் வெயிலுக்கு 800, 1,000 என்று தேவைப்படும், அது உங்கள் பட்ஜெட்டில் வராது. மாலையில் கூடாரத்துக்குள் வேலை பார்க்கப் போகிறவருக்கு அது தேவையும் இல்லை.

பழையது வாங்கும்போது

பழைய லேப்டாப்பில் ஏமாறவும் வாய்ப்பு இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏற வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். அதைவிடப் பழையது மிக மலிவாகக் கிடைத்தால் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம். க்யூஜிஐஎஸ் அதிலும் நன்றாக ஓடும். கற்றுக்கொள்ளக் கொஞ்சம் நேரம் தேவைப்படும்.

பேட்டரியைக் கேள்வி கேட்டே வாங்குங்கள். விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கும் வசதி இருக்கிறது. தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது முழுதாக ஏறும் அளவும் அதில் பக்கத்துப் பக்கத்தில் வரும். பாதிக்கும் கீழே போயிருந்தால் புதுப் பேட்டரியின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அடுத்து, லேப்டாப்பை முழுதாக ரீசெட் செய்து, உங்கள் கண்முன்னே இணையத்தில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். பழைய நிறுவனத்தின் பெயரோடு உள்நுழைவுத் திரை வந்தால் அந்தப் பெட்டி இன்னும் அவர்கள் பிடியில்தான் இருக்கிறது. விண்டோஸ் வருவதற்கு முன்பே ஓடும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருள் கடவுச்சொல் கேட்டாலும் அதே கதைதான். இரண்டில் எது வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். விற்பவரிடம் வரிசை எண் போட்ட ரசீது கேட்டு வாங்குங்கள். நாளைக்கு அது திருட்டுப் பொருள் என்று யாராவது வந்து நின்றால் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அந்த ரசீதுதான்.

மின்சாரக் கணக்கு

இரண்டு நாள் தொடர்ந்து ஓடும் லேப்டாப் கிடையாது. ஆனால் உங்களுக்கு அது தேவையா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மாலையில் ஒன்றரை மணி நேரம் வீதம் இரண்டு நாளைக்கு மூன்று மணி நேர வேலை. சின்ன லேப்டாப் இந்த வேலைக்கு ஏறக்குறைய 10 வாட் எடுக்கும். மொத்தம் 30 வாட்-அவர் (வாட்டை மணி நேரத்தால் பெருக்கிய அளவு). நல்ல நிலையில் உள்ள 45, 50 வாட்-அவர் பேட்டரியே அதைத் தாங்கிவிடும்.

நாள் கூடினால் பவர் பேங்க். 20,000 எம்ஏஎச் என்று எழுதியிருப்பதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-அவர். மின்னழுத்தத்தை மாற்றும்போது கொஞ்சம் சூடாகப் போய்விடும்; லேப்டாப்புக்கு 55, 60 வந்து சேரும். அதாவது இன்னொரு முழு சார்ஜ். ஆனால் பவர் பேங்க் யூஎஸ்பி-சி பிடி (பவர் டெலிவரி) வகையாக, 45 வாட்டாவது தருவதாக இருக்க வேண்டும். லேப்டாப்பும் அதே வழியில் சார்ஜ் ஏற்றிக்கொள்வதாக இருக்க வேண்டும். உருண்டை முள் சார்ஜர் உள்ள பழைய லேப்டாப் இங்கேதான் உங்களைக் கைவிடும். விமானத்தில் போவதாக இருந்தால் பவர் பேங்கைக் கைப்பையில் வையுங்கள். 100 வாட்-அவருக்குள் இருப்பதால் பொதுவாகத் தனி அனுமதி கேட்க மாட்டார்கள்.

செல்பேசியைக் காட்டுக்குள் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். இப்போதைய செல்பேசிகளில் அப்போதும் ஜிபிஎஸ் வேலை செய்யும். கோபுரத்தைத் தேடித் தேடியே பேட்டரி தீர்வது நின்றுவிடும். குளிர் அதிகமுள்ள இடத்தில் இரவு பவர் பேங்கையும் செல்பேசியையும் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது, அது உள்ளே கெட்டுப்போகும்.

அண்ணனுக்கு என்ன சொல்வது

அண்ணனின் அக்கறை நியாயமானது. முரட்டு லேப்டாப்பைக் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மழையில் வண்டியின் மேல் வைத்து நாள் முழுக்க வேலை பார்ப்பவர்களுக்கு அதுதான் சரி. ஆனால் எடை பெரும்பாலும் இரண்டு கிலோவைத் தாண்டும், அதைச் சுமக்கப்போவது நீங்கள். 'ராணுவத் தரம்' என்று சாதாரண லேப்டாப்புகளின் விளம்பரத்திலும் வரும். அந்த விளம்பரங்கள் காட்டும் எம்ஐஎல்-எஸ்டிடி-810 என்பது சோதனை முறைகளின் தொகுப்பு. அதிலிருந்து எந்தச் சோதனையைச் செய்வது என்று தேர்ந்தெடுப்பவர் தயாரிப்பாளரே. அதைப் பார்த்துவிட்டு நீர் புகாது என்று நினைத்துவிட வேண்டாம். நீருக்கும் தூசிக்கும் பார்க்க வேண்டியது ஐபி எண். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது நீருக்கு. ஐபி65 என்றால் தூசி புகாது, பீய்ச்சும் நீரையும் தாங்கும்.

உங்களுக்கு வாய் சுருட்டி மூடும் நீர்புகாப் பை ஒன்றும், லேப்டாப்பைச் சுற்ற ஒரு துண்டு மெத்தை நுரையும் போதும். பையில் முதுகை ஒட்டிய பக்கத்தில் வையுங்கள்; சாய்ந்து விழுந்தாலும் அடி அதன் மேல் படாது. குளிரிலிருந்து சூடான அறைக்கு வந்த உடனே நீர்புகாப் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த உலோகத்தின் மேல் காற்றிலுள்ள ஈரம் முத்து முத்தாகப் படியும். ஒரு மணி நேரம் மூடியபடியே விட்டுவிட்டுப் பிறகு திறங்கள்.

நோட்டுக்கு நடந்தது லேப்டாப்புக்கும் நடக்கலாம். அதனால் ஒவ்வொரு மாலையும் அன்றைய தரவை ஒரு மெமரி கார்டில் போட்டு இன்னொருவர் பையில் கொடுத்துவிடுங்கள். செல்பேசியில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று, வேறொருவர் முதுகில் ஒன்று. எந்த லேப்டாப் வாங்குகிறீர்கள் என்பதைவிட இது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வெளியிடும் முன்

வரைபடத்தை எல்லோருக்கும் தர விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல எண்ணம். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்த்தால் அது திறந்த உரிமத்தின் கீழ் எல்லோருக்கும் போய்ச் சேரும். கூகுள் மேப்ஸைப் பார்த்து எதையும் நகலெடுத்து அதில் சேர்க்கக் கூடாது. நடந்து பார்த்ததையும் அனுமதியுள்ள செயற்கைக்கோள் படங்களில் தெரிவதையும் சேர்க்கலாம். காட்டுக்குள் நுழைவதற்கும் அங்கே அளவெடுப்பதற்கும் உங்கள் நாட்டில் என்ன அனுமதி தேவை என்பதை முதலில் கேட்டு, எழுத்தில் வாங்கிவிடுங்கள். சில நாடுகளில் இதற்குக் கடுமையான சட்டம் இருக்கிறது.

வறண்ட மாதத்திலும் நீர் இருக்கும் ஊற்று, விலங்குகளுக்கும் பக்கத்தில் வாழ்பவர்களுக்கும் உயிர்நாடி. அதன் சரியான இடத்தை உலகத்துக்கே அறிவித்தால் வேட்டைக்காரரும் அங்கே வரலாம், கூட்டமும் வரலாம். அந்த நீரைக் குடித்து வாழ்பவர்களிடம் கேட்டுவிட்டு வெளியிடுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அந்தப் புள்ளி உங்கள் குழுவுக்குள்ளேயே இருக்கட்டும். தடங்களைப் பகிரும்போது உங்கள் வீட்டு வாசலில் தொடங்கும் பகுதியை வெட்டிவிடவும் மறக்க வேண்டாம்.

இப்போது எதையும் வாங்காதீர்கள். அடுத்த பயணத்துக்கு உங்கள் செல்பேசியில் க்யூஃபீல்டை மட்டும் போட்டுக்கொண்டு, வீட்டில் உறவினரின் பழைய லேப்டாப்பில் படிவத்தைச் செய்துகொண்டு கிளம்புங்கள். முகாமில் லேப்டாப் இல்லையே என்று எத்தனை முறை தோன்றியது, எதற்காகத் தோன்றியது என்று குறித்து வாருங்கள். ஒருமுறைகூடத் தோன்றாவிட்டால் அந்தப் பணத்தில் நல்ல பவர் பேங்க் ஒன்றும், குழுவுக்கு இன்னொரு செல்பேசியும் வாங்கிக்கொள்ளலாம்.

அதுவரை அந்த நனைந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பக்கங்களுக்கு இடையே உறிஞ்சுதாள் வைத்து, மின்விசிறிக் காற்றில் நிழலில் உலர்த்தி, ஒவ்வொரு பக்கத்தையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுங்கள். மை போன இடத்திலும் பேனா அழுத்திய பள்ளம் பல நேரம் தெரியும். பிறகு ஆறு பேரும் ஒரு மாலை உட்காருங்கள். செயற்கைக்கோள் படத்தைத் திறந்துவைத்து, இரட்டை மரம் எது, பாறை எது என்று ஒருவருக்கொருவர் நினைவுபடுத்திப் புள்ளிகளை வையுங்கள். நினைவிலிருந்து வைத்த புள்ளிகளுக்குத் தனி நிறம் கொடுங்கள். மறுபடி அந்தப் பக்கம் போகும்போது ஒவ்வொன்றாகச் சரிபார்த்து நிறத்தை மாற்றிக்கொள்ளலாம்.